விரிசல் மேல் எதை ஒட்டுவது: கண்ணாடியா, நிறம் மாறும் ரப்பரா?

கோத்தகிரிப் பக்கம் சரிவில் வீடு கட்டியவர்களுக்கு வீட்டைவிடத் தடுப்புச் சுவர்தான் பெரிய கவலை. எங்கள் வீட்டுப் பின்புறம் மேல்காட்டைத் தாங்கி நிற்பது 12 மீட்டர் நீளக் கருங்கல் சுவர். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். போன ஐப்பசியில் அடைமழை விட்ட மூன்றாம் நாள், துணி காயப்போடப் போன என் மனைவி அதில் ஒரு விரிசலைப் பார்த்தாள். நகம் நுழையும் அகலம். கல்லை விட்டுவிட்டுப் பூச்சு வழியாகவே கோணல்மாணலாக இறங்கியிருந்தது.

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண்சரிவால் 40க்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். விரிசலைக் கண்டால் தூக்கம் வராது. மேஸ்திரி வந்து பார்த்தார், விரலால் தடவினார், பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: "விரிசல் இருக்கறது பெரிசில்ல சார். அது வளருதா, நின்னு போச்சான்னு பாக்கணும்."

அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல எதை ஒட்டுவது என்பதில் நாலு மாதம் போனது.

முதலில் ஒட்டியது மேஸ்திரியின் கண்ணாடி. பழைய ஜன்னல் கண்ணாடியில் விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனையையும் சிமென்ட் கலவையால் பிடிக்க வைத்தார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை, இரண்டு டீதான். தலைமுறை தலைமுறையாகக் கொத்தனார்கள் செய்வது இது.

தை மாதம், ஒரு சொட்டு மழை இல்லாத நாளில், காலையில் பார்த்தால் மேல் கண்ணாடி இரண்டாகக் கிடந்தது. அன்று ராத்திரியும் மறுநாள் ராத்திரியும் தங்கை வீட்டில்தான் படுத்தோம். சுவர் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி வந்தோம்.

என்ன நடந்தது என்று புரிய வைத்தது இரண்டாவது வழி. விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு கான்கிரீட் ஆணி, அந்தப் பக்கம் ஒன்று. வெர்னியர் காலிப்பரால் இடைவெளியை அளந்து ஒரு நோட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தேன். காலை ஆறரைக்கு 42.36 மில்லிமீட்டர். வெயில் ஏறிய இரண்டு மணிக்கு 42.12. மறுநாள் காலை மறுபடி 42.36. சுவர் மூச்சு விடுகிறது! தையில் இங்கே ராத்திரிக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் உள்ள வித்தியாசம் சமவெளிக்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். குளிரில் கல் சுருங்குகிறது, விரிசல் வாய் திறக்கிறது. வெயிலில் மூடிக்கொள்கிறது. 10 மீட்டர் கான்கிரீட், 15 டிகிரி வித்தியாசத்தில், தடையில்லாமல் விட்டால் ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். கண்ணாடிக்கு அந்த அளவெல்லாம் வேண்டாம். அதில் ஒரு பங்கு போதும், உடைந்துவிடும். உடைந்த கண்ணாடி "நகர்ந்தது" என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு, எந்தப் பக்கம், திரும்பி வந்ததா என்று சொல்லாது.

காலிப்பர் எல்லாவற்றையும் சொல்லும். ஆனால் மழை கொட்டும் ராத்திரி இரண்டு மணிக்குக் குடையையும் டார்ச்சையும் பிடித்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, வெர்னியர் கோடு எதோடு எது ஒட்டுகிறது என்று பார்க்கிற வேலையை ஒரு தரம் செய்து பாருங்கள். நான் இல்லாத நாளில் என் மனைவி அளக்கமாட்டாள் என்பதும் உண்மை. "அந்தக் கோடு கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். பாத்தா தெரியற மாதிரி ஏதாவது வைங்க" என்றாள்.

பார்த்தால் தெரிகிற மாதிரியான பொருள் தை கடைசியில் வீட்டுக்கே வந்தது. என் மச்சினன் மகள் கோவையில் பாலிமர் படிக்கிறாள். லேப்பில் மிச்சமானது என்று பர்ஸிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினாள். கறுப்பு ரப்பர் மேல் செம்பு நிறத்தில் மினுங்கும் மெல்லிய ஏடு. இரண்டு கட்டை விரலுக்கு நடுவே வைத்து இழுத்தாள். செம்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகி, விட்டதும் பழையபடி செம்பு. "மாமா, இதுல சாயமே கிடையாது" என்றாள்.

சாயம் இல்லாமல் நிறம் எப்படி? ஈர ரோட்டில் சிந்திய டீசல் மேல் பார்க்கிற வண்ணம்தான். ஏட்டுக்குள்ளே ஒளியைக் கொஞ்சம் கூடுதலாகவும் கொஞ்சம் குறைவாகவும் வளைக்கும் அடுக்குகள் மாறிமாறி இருக்கின்றன. ஓர் அடுக்குக்கும் அடுத்ததுக்கும் சுமார் 210 நானோமீட்டர். தலைமயிரின் தடிமனில் இப்படி 300 அடுக்குகளுக்கு மேல் அடங்கும். அந்த இடைவெளிக்கு ஏற்ற அலைநீளம், இங்கே 630 நானோமீட்டர் சிவப்பு, மட்டும் பலமாகத் திரும்பி வருகிறது. இழுக்கும்போது ஏடு பரோட்டா மாவு போல மெலிகிறது, அடுக்குகள் நெருங்குகின்றன, திரும்பும் நிறம் பச்சைக்கும் நீலத்துக்கும் நகர்கிறது. பச்சோந்தி செய்வதும் இதே வித்தைதான், திசை மட்டும் தலைகீழ். அதன் தோலில் உள்ள நுண்படிகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்போது பச்சை மஞ்சளுக்குப் போகிறது. இதை ஜெனீவா ஆய்வாளர்கள் 2015ல் காட்டினார்கள்.

இந்த ஏட்டைச் செய்யும் முறையைக் கேட்டபோது, எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ஊட்டி இந்து நகர் பிலிம் ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். 1960ல் தொடங்கி, எக்ஸ்ரே பிலிமிலிருந்து சினிமா பிலிம் வரை செய்து, இப்போது மூடிக் கிடக்கும் அதே ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். மச்சினன் மகள் சொன்னாள்: ஒளிபட்டால் இறுகும் ஏட்டை முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு தகட்டின் மேல் ஒட்டி, எதிரே சாதாரண புரொஜெக்டரை வைத்து ஒளி பாய்ச்சுவார்கள், போகும் ஒளியும் திரும்பும் ஒளியும் மோதி ஏட்டுக்குள் அடுக்கடுக்காகப் பதியும், பிறகு உரித்துக் கறுப்பு சிலிக்கோனில் ஒட்டுவார்கள். 2022ல் அமெரிக்காவின் எம்ஐடியில் மத்தியாஸ் கோலே குழு இப்படிச் செய்து காட்டியது. பெரியவர் கேட்டார்: "அது லிப்மன் முறை தானம்மா? அவர் பின்னாடி பாதரசம் வெச்சாரு. நீங்க தகடு வெச்சிருக்கீங்க, அவ்வளவுதான்." சரியாகத்தான் சொன்னார். கேப்ரியல் லிப்மன் 1891ல் சாயமே இல்லாமல் கலர் போட்டோ எடுத்த முறை அது. 1908ல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார். இழுத்தால் நிறம் மாற வேண்டும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

நிறம் மாறும் மெத்துப் பொருள் என்றால் இது ஒன்றுதான் என்றில்லை. அவள் வரிசையாகச் சொன்னாள், நான் சுவரை நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

ஸ்பைரோபைரான் என்றொரு மூலக்கூறு. ரப்பர் சங்கிலிக்கு நடுவே அதைக் கோத்துவிட்டால், பலமாக இழுக்கும்போது மூலக்கூறிலேயே ஒரு பிணைப்பு அறுந்து சிவப்போ ஊதாவோ ஆகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2009ல் செய்தார்கள். கேட்க ஆசையாக இருந்தது, ஏனென்றால் இதில் நிறம் வருவது பொருள் நோவுபடும் இடத்தில். ஆனால் அதே மூலக்கூறு புற ஊதா ஒளி பட்டாலும் நிறமெடுக்கும், சாதாரண வெளிச்சத்தில் வெளுத்தும் போகும். 6,000 அடி உயரத்து வெயிலில் அது எதற்குச் சிவந்தது என்று யாரைக் கேட்பது? போதாததற்கு, நன்றாக நிறமெடுக்க ரப்பர் அறுகிற அளவுக்கு இழுபட வேண்டும். சுவருக்கு ஆகாது.

ஹைட்ராக்சிபுரோபைல் செல்லுலோஸ் மலிவு. மாத்திரையில் சேர்க்கிற, சாப்பிடக்கூடிய மாவு. தண்ணீரில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகக் கரைத்துப் பிசைந்தால் பாகு பதத்தில் மயில்கழுத்து நிறம் காட்டும், அழுத்தினால் மாறும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்லது இல்லை. ஆனால் தண்ணீர் வற்றினால் நீலத்துக்கு ஓடும், சூடேறினால் சிவப்புக்கு ஓடும். எங்கள் ஊரில் ஒரே நாளில் இரண்டும் நடக்கும்.

திரவப் படிக ரப்பர் நூல் இன்னொன்று. லக்ஸம்பர்க் பல்கலைக்கழகத்தில் 2022ல் துணியில் தைக்கிற அளவுக்கு உறுதியாகச் செய்தார்கள், துவைத்தாலும் தாங்குகிறதாம். காலில் கட்டும் பேண்டேஜுக்கும் விளையாட்டு உடைக்கும் இது பிரமாதமாகப் பொருந்தும். வெரிகோஸ் வெயினுக்குக் கால் கட்டும் நர்ஸ், கட்டு எவ்வளவு இறுக்கம் என்பதை நிறத்தில் பார்க்கலாம். அங்கே நிறம் உடனே திரும்புவதுதான் வேண்டும். எனக்கும் அதிலேதான் யோசனை முடிச்சு விழுந்தது.

கால் கட்டுக்கு வேண்டியது இந்த நிமிட இறுக்கம். சுவருக்கு வேண்டியது நேற்று ராத்திரி நடந்தது. இழுத்தால் பச்சையாகி விட்டால் சிவப்பாகும் ஏடு, நான் தூங்கும்போது பச்சையாகி எழும்பும் முன் சிவப்பாகிவிட்டால், அது பார்த்ததை என்னிடம் சொல்லாது. கண்ணாடிக்கு ஞாபகம் உண்டு, அளவு கிடையாது. ஏட்டுக்கு அளவு உண்டு, ஞாபகம் கிடையாது.

ஞாபகம் உள்ள மெத்துப் பொருள் வீட்டிலேயே இருக்கிறது. சாமான் பெயரை அழுத்தி எழுதும் கலர் பிளாஸ்டிக் லேபிள் டேப்பில் எழுத்து மட்டும் வெள்ளையாகத் தெரியும் அல்லவா? அங்கே மை கிடையாது. பிளாஸ்டிக் இழுபட்டு உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழுந்து ஒளியைச் சிதறடிக்கின்றன, அதுதான் வெள்ளை. ஒருதரம் வெளுத்தால் வெளுத்ததுதான். கறுப்புக் கேரி பையின் காதைப் பலமாக இழுத்தாலும் இதே கதை. விரிசல் மேல் ஒரு டேப் துண்டு ஒட்டி, அதன் நடுவே வெள்ளைக்கோடு விழுந்தால் விரிசல் திறந்தது என்று அர்த்தம். செலவு ஐந்து ரூபாய்கூட ஆகாது. ஆனால் எத்தனை மில்லிமீட்டருக்கு எத்தனை வெள்ளை என்று அளந்து சொல்ல முடியவில்லை. கண்ணாடிக்கு மெத்தென்ற தம்பி, அவ்வளவே.

ஆக, ஏட்டை ஒட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

முதல் தரம் கேவலமாகத் தோற்றது. பாசியைச் சுரண்டிவிட்டு, சூப்பர் க்ளூ போட்டு, ஏட்டை முழுக்க அப்படியே விரிசல் மேல் அப்பிவிட்டோம். மறுநாள் காலை விரிசல் ஓரமாகவே ஏடு கிழிந்திருந்தது. மச்சினன் மகள் போனில் சிரித்தாள். "மாமா, ஃப்ரீ லெங்த்தே விடலையே!" முழுக்க ஒட்டினால் இழுபட வழி இருப்பது விரிசலின் வாயளவு மட்டும். அது கால் மில்லிமீட்டர் திறந்தாலே ஏட்டின் அந்தக் கீற்று இருமடங்கு இழுபட வேண்டும். அவள் சொன்ன மாதிரி இரண்டாம் தரம் செய்தோம். இரண்டு அலுமினியக் கோணத்துண்டுகளைச் சுவரில் எபாக்சி போட்டு இரு பக்கமும் பதித்து, நடுவில் 4 மில்லிமீட்டர் மட்டும் ஒட்டாமல் விட்டு, 40 மில்லிமீட்டர் அகல ஏட்டை அவற்றின் மேல் ஒட்டினோம்.

அகலம் அப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. குட்டையாகவும் அகலமாகவும் உள்ள ஏடு பக்கவாட்டில் சுருங்க முடியாது, ஆகவே நீண்ட அளவுக்கு நேராக மெலியும். கணக்கு அப்போது சுலபம். இழுக்காமல் ஒட்டிய ஏட்டில் 4 மி.மீ. 4.25 ஆனால் திரும்பும் ஒளியின் 630 நானோமீட்டர் 593 ஆகும், அதாவது மஞ்சள் கலந்த ஆரஞ்சு. அரை மி.மீ. திறந்தால் 560, மஞ்சள்பச்சை. ஒரு மி.மீ. திறந்தால் 504, நல்ல பச்சை. 1.6 மி.மீ.க்கு 450, நீலம். இரண்டரை மி.மீ. தாண்டினால் நிறம் கண்ணின் எல்லைக்கு வெளியே போய்விடும், ஏடு வெறும் கறுப்பாகத் தெரியும். இதை வீட்டில் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்: கறுப்பு என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை, செருப்பைப் போடு என்று அர்த்தம்.

ஆனால் நாங்கள் ஒட்டும்போதே லேசாக இழுத்து, ஆரஞ்சில் நிற்கும்படி வைத்தோம். விரிசல் மூடினால் சிவப்புக்குப் போய்க் காட்டும் என்பது ஒரு லாபம். மனிதக் கண்ணுக்கு மஞ்சள்–ஆரஞ்சுப் பகுதியில் சின்ன மாறுதலும் பளிச்சென்று தெரியும் என்பது இன்னொன்று. அடர் சிவப்பில் தொடங்கினால் முதல் கால் மில்லிமீட்டர் பாதி கண்ணில் படாமலே போகும்.

இதற்கு ஒரு தொல்லை உண்டு. சாய்த்துப் பார்த்தால் நிறம் தானாக மாறும். 45 டிகிரி சாய்வில் நின்று பார்த்தால் இழுபடாத 630 சிவப்பே கிட்டத்தட்ட 556க்கு வந்துவிடும். அதாவது சமையலறை ஜன்னலிலிருந்து கோணலாகப் பார்ப்பவருக்குச் சுவர் அரை மில்லிமீட்டர் நகர்ந்த மாதிரி தெரியும். முதல் வாரம் என் மனைவி இரண்டு முறை என்னை எழுப்பினாள். இதற்கு மருந்து ரொம்பச் சின்னது. அதே ஏட்டில் நகமளவு துண்டைப் பக்கத்திலேயே, ஒரே அலுமினியத்தின் மேல், அதே அளவு லேசாக இழுத்து முழுக்க ஒட்டி வைத்தோம். அதைச் சுவர் இழுக்க முடியாது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும், எந்த வெயிலிலும், இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் சுவர் நகரவில்லை. வேறு வேறாக இருந்தால் நேராகப் போய் நின்று, நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒப்பிட அந்தத் துண்டு இருந்தால் 0.05 மில்லிமீட்டர் கூடக் கண்ணுக்குத் தெரிகிறது. அது இல்லாத ஏட்டை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடி இலவசம். காலிப்பர் சில நூறு ரூபாய். ஏடு கோத்தகிரியிலோ குன்னூரிலோ எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்காது, லேபில் ஆள் இருந்தால்தான் உண்டு. வெயிலிலும் மழையிலும் எத்தனை பருவம் தாங்கும் என்பதை என் சுவர்தான் சொல்ல வேண்டும். மெத்தென்ற பொருளை மாதக்கணக்கில் இழுத்தே வைத்தால் அது மெல்லத் தளர்ந்து கொடுக்கும் என்பதும் தெரிந்ததே.

ஆகவே நீங்கள் ஒரே ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால் ஆணியும் காலிப்பரும் வையுங்கள். மழைக்காலத்தில் காலை ஒரு தரம், மாலை ஒரு தரம், அதே நேரத்தில் அளந்து எழுதுங்கள். கண்ணாடியை மட்டும் நம்பி வைப்பது என் பார்வையில் வீண் பயத்துக்கு வழி. ஏடு கிடைக்கிறவர்கள் வையுங்கள், வீட்டில் எல்லோரும் பார்க்கிற பொருள் அதுதான், ஆனால் ஆணியைப் பிடுங்காமல் வையுங்கள். ராத்திரி நடந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ள லேபிள் டேப்பைக் கூட ஒட்டுங்கள். நான் மூன்றையும் வைத்திருக்கிறேன். மேஸ்திரிக்கு வருத்தம் வரக்கூடாது என்று மிச்சமிருந்த கீழ்க் கண்ணாடியையும் விட்டுவைத்திருக்கிறேன்.

இதை எல்லாம் ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையை நாங்கள் கடைசியில்தான் செய்தோம். சுவரில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகள் எட்டில் ஆறு செம்மண்ணும் வேரும் அடைத்துக் கிடந்தன. 2 மீட்டர் உயரச் சுவரின் பின்னால் தண்ணீர் முழுக்கத் தேங்கினால், நீளத்தில் மீட்டருக்கு மீட்டர் கிட்டத்தட்ட 2 டன் பாரம் முன்னால் தள்ளும். கம்பியால் குத்திக் குடைந்ததில் முதல் ஓட்டையிலிருந்து காப்பித் தண்ணீர் மாதிரி ஒரு வாளி வந்தது.

ஆடி மழை முடிந்து இன்று காலை பார்த்தேன். மஞ்சு இறங்கி எதிர்த்த தேயிலை தெரியவில்லை. ஏடு ஆரஞ்சு, பக்கத்துத் துண்டும் ஆரஞ்சு. காலிப்பர் 42.34.